இரசிகன் பட்ட கடன்

 

"இன்னாருக்கு நான் இரசிகன்" என்று சொல்லிக்கொள்வதில் இளைஞருக்கு ஒரு பெருமிதம் உண்டு. புதுப் படம் வெளியாகும் நாளில் நடிகரின் ஆளுயரப் படத்துக்கு மாலை சூட்டுகிறார்கள், பாலால் முழுக்காட்டுகிறார்கள், முதற்காட்சிக்கு இடம் பிடிக்க இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். இதைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர் பலர். முகம் சுளிக்கும் உரிமை எனக்கு இல்லை. ஏனெனில் நான் ஓர் இரசிகரின் பேரன். என் பாட்டனார் ஒரு நாடக நடிகையின் குரலுக்குத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அடிமையாக்கி வைத்திருந்தவர். அந்த இரசிகரைப் பற்றியும், அவர் போற்றிய நடிகையைப் பற்றியும், அவர் தீர்க்காமல் விட்டுச் சென்ற ஒரு கடனைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்த நடிகை கே. பி. சுந்தராம்பாள். 'கொடுமுடி கோகிலம்' என்று நாடு அவரை அழைத்தது. உங்களில் பலர் அவரைத் 'திருவிளையாடல்' படத்தில் அவ்வையாராகக் கண்டிருப்பீர்கள். 1965-ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் படத்தில் நடித்தபோது அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். என் பாட்டனார் அவரைக் கண்டதோ அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு; திரையில் அன்று, நாடக மேடையில்; அவ்வையாக அன்று, வள்ளியாக.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே, குன்னத்துக்கு அருகில் உள்ளது. இன்று அவ்விரண்டும் தனித்தனி மாவட்டங்களின் தலைநகரங்கள். 1995-ஆம் ஆண்டு வரை எல்லாம் திருச்சிராப்பள்ளி மாவட்டமாகவே இருந்தன. இன்று அரியலூர்ச் சாலையில் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அக்காலத்தில் அங்கே மாட்டு வண்டித் தடம்தான் இருந்தது. இருபுறமும் கரிசல் காடு. பருத்தியும் வரகும் சோளமும் விளையும். மழை பெய்தால் சக்கரம் அச்சுவரை புதையும். மழை பொய்த்தாலோ மண் வெடித்துக் கால் நுழையும்.

பருத்தி விற்ற பணம் கையில் இருக்கும் மாதங்களில்தான் பாட்டனாருக்கு நாடகம். நாடக நோட்டீசு எப்படியோ அரியலூர்ச் சந்தை வழியாக ஊருக்கு வந்துவிடும். பச்சை, இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்ட அந்த நோட்டீசை எழுத்துக் கூட்டிப் படிப்பார். மறுநாள் விடியுமுன் வண்டி கட்டுவார். நான்கைந்து மணி நேரம் வண்டிப் பயணம். பிறகு அரியலூரில் இரயில் ஏறினால், மருதையாற்றுப் பாலம் கடந்து, கல்லகம், புள்ளம்பாடி, இலால்குடி, திருவரங்கம் என ஒவ்வொரு நிலையமாக நின்று திருச்சி போய்ச் சேரும். தரை டிக்கெட்டு வாங்கி, மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் துண்டை விரித்து அமர்வார். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் கோழி கூவும் வேளையில் முடியும். அடுத்த இரயிலுக்கு ஊர் திரும்பி, அன்று மாலையே ஏர் பிடிப்பார்.

மாணவர்களே, அந்த நாடகம் எப்படிப்பட்டது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1867 முதல் 1922 வரை வாழ்ந்த சங்கரதாஸ் சுவாமிகள் தமிழ் நாடகத்துக்கு ஓர் உருவம் கொடுத்தார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற அவருடைய நாடகங்களின் பாட்டும் வசனமும் நடிகர் எல்லாருக்கும் மனப்பாடம். ஆகவே ஓர் ஊரிலிருந்து ஒரு நடிகரும் வேறோர் ஊரிலிருந்து ஒரு நடிகையும் வந்து, ஒத்திகை இன்றி அன்றிரவே ஒரே மேடையில் நடித்துவிட முடிந்தது. இதனை 'ஸ்பெஷல் நாடகம்' என்று வழங்கினர். கதைத் தலைவன் வேடத்துக்கு இராஜபார்ட் என்று பெயர். தலைவி வேடத்துக்கு ஸ்திரீபார்ட் என்று பெயர். இருவரும் பாட்டாலும் தருக்கத்தாலும் ஒருவரை ஒருவர் மடக்கப் பார்ப்பர். யார் வெல்வார் என்பது அன்றிரவு வரை எவருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அன்று ஒலிபெருக்கி இல்லை. மேடையோரத்தில் ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், விளக்கோ பெட்ரோமாக்ஸ். ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழவேண்டும். அதற்கு உச்ச சுருதியில், உடையாத குரலில், எழுத்துச் சிதையாமல் பாட வேண்டும். குரல் எழும்பாதவர் மேடையில் நிலைக்க முடியாது. சுந்தராம்பாளின் குரல் கணீரென்று எழும்; எழுந்தபின் கத்தலாக மாறாது; சொல்லின் பொருளையும் விடாது. "பாட்டு என் மடியில் வந்து விழுந்தது" என்று பாட்டனார் சொல்லுவார். அதைவிட நல்ல விமரிசனத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

சுந்தராம்பாள் 1908-ஆம் ஆண்டு காவிரிக்கரைக் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார்.  சிறுமியாக நாடகக் குழுவில் சேர்ந்து, முதலில் சிறுவர் வேடங்களைத் தாங்கினார். பிறகு ஸ்திரீபார்ட், இராஜபார்ட் இரண்டையும் ஏற்று நடித்தார். கடல் கடந்து இலங்கைக்குச் சென்று நடித்தபோது 1926-ஆம் ஆண்டில் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா அந்நாளில் நாடக மேடையின் தனிப்பெரும் பாடகர். இருவரும் ஒரே மேடையில் நடித்தபோது கூட்டம் அலைமோதியது. 1927-இல் வாழ்க்கையிலும் இணைந்தனர். அவ்வாழ்வில் இன்பத்தோடு பிரிவும் துயரமும் கலந்திருந்தன. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அப்பொழுது அவருக்கு 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25 வயது.

அன்று முதல் அவர் வெள்ளைப் புடவையே உடுத்தார். எந்த ஆணோடும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அந்த உறுதியை வாழ்நாள் முழுதும் காத்தார். 1935-ஆம் ஆண்டு 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண் வேடம் தாங்கினார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அதில் வேதியராக நடித்தார். அப்படத்துக்குச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்ற செய்தி நாடெங்கும் வியப்பாகப் பேசப்பட்டது. தேச விடுதலைக்காகச் சத்தியமூர்த்தியோடு காங்கிரசு மேடைகளில் பாடினார். 1950-களில் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராக அமர்ந்தார். 1953-இல் ஜெமினியின் 'அவ்வையார்' படம் வந்தது. 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாகத் தோன்றினார். 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருதையும், 1970-இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். 1980-ஆம் ஆண்டு மறைந்தார்.

இனி என் பாட்டனாரிடம் வருகிறேன். அவரிடம் ஓர் ஓலைப் பெட்டி இருந்தது. நாடக நோட்டீசுகளும், கொட்டகை வாசலில் அணாக்கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் அதில் இருந்தன. நிலப்பத்திரம் வேறு பெட்டியில் இருந்தது. அதனை அவர் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. ஊரில் எவரேனும் சுந்தராம்பாள் பெயரைச் சொன்னால், பாட்டனாரின் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும். எங்கள் பக்கத்தில் அது பெரியவர்களுக்கும் தெய்வத்துக்கும் காட்டும் மரியாதை. கிட்டப்பா மறைந்த செய்தி கேட்ட நாளில் அவர் உண்ணவில்லை என்று என் பாட்டி சொல்லியிருக்கிறார். பாட்டி அதைப் பெருமையாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாட்டனார் இசை கற்றவர் அல்லர். இராகத்தின் பெயர் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. ஆயினும், ஓர் ஊர்த் திருவிழாவில் யாரோ ஒரு நடிகர் அதே பாட்டைப் பாடும்போது, எந்த இடத்தில் சொல் நசுங்கியது, எந்த இடத்தில் மூச்சுக்காகப் பொருள் வெட்டுப்பட்டது என்று துல்லியமாகச் சொல்லுவார். கேட்டுக் கேட்டே அவர் பெற்ற கல்வி அது. இரசிகத்தன்மையின் முதற்பயன் இதுவே. நல்லதை இடைவிடாது கேட்பவனுக்கு நல்லதும் அல்லதும் பிரித்தறியும் செவி அமைந்துவிடுகிறது. திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கியது. பிற்காலத்தில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வானொலிப் பெட்டி வந்தபோது, அதன் கீழ் முதலில் வந்து அமர்ந்தவரும் கடைசியில் எழுந்து சென்றவரும் அவரே.

இவ்வளவும் கேட்டபின், "எவ்வளவு உயர்ந்த இரசிகர்!" என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணினேன். இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மையாகிவிடும்.

பாட்டனாருக்கு ஒரே மகள். எனக்கு அத்தை. 'அவ்வையார்' படம் அரியலூருக்கு வந்தபோது, வீட்டார் அனைவரையும் வண்டியில் ஏற்றிச் சென்றார். அத்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். ஒரே முறை பார்த்த படத்தின் பாட்டுகளோடு அவர் வீடு திரும்பினார். வண்டி ஊர் வந்து சேர்வதற்குள் பாதிப் பாட்டுகள் தொண்டையில் ஏறிவிட்டனவாம். அதன்பின் மாவாட்டும்போதும் பருத்தி எடுக்கும்போதும் அவர் பாடினால், பக்கத்துக் காட்டில் வேலை செய்வோர் கையை நிறுத்திக் கேட்பார்களாம். பாட்டனாரும் கேட்டார், மகிழ்ந்தார், "என் பெண்ணுக்கு அந்தத் தொண்டை" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டார்.

அத்தை எட்டாம் வகுப்புப் படித்தபோது, அவருடைய ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தார். அரியலூரில் ஒரு விழா. அதில் மாணவியர் நாடகம் ஒன்று நடத்தப் போவதாகவும், அவ்வையாராக நடித்துப் பாட அத்தையைத் தவிர வேறொருவர் இல்லை என்றும் கூறினார். பாட்டனார் அவரைத் திண்ணையில் அமரச் செய்து, மோர் கொடுத்து, மரியாதையோடு மறுத்தார். "பாட்டுக் கேட்க நாலு பேர் வருவார்கள் அம்மா, பேசுவதற்கு நாற்பது பேர் இருக்கிறார்கள். என் வீட்டுப் பெண் மேடை ஏற மாட்டாள்" என்றார். அந்த ஆண்டோடு அத்தையின் படிப்பும் நின்றது. பதினாறு வயதில் திருமணம் நடந்தது. மேடையில் அவர் குரல் ஒருநாளும் ஒலிக்கவில்லை.

அத்தை முதுமையில் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அப்பாவுக்குச் சுந்தராம்பாள் வேணும் தம்பி. ஆனால் தம் வீட்டில் ஒரு சுந்தராம்பாள் வேண்டாம்." கோபமாகச் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

நேயர்களே, என் பாட்டனார் கொடியவர் அல்லர். மகளிடம் அன்பு இல்லாதவரும் அல்லர். அவர் தனியாகக் கண்டுபிடித்த கொள்கையும் அன்று இது. நெடுங்காலமாக நம் சமூகம் பயின்றுவந்த வழக்கம். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவி ஏழாண்டு பயின்று அரங்கேறுகிறாள். மன்னன் அவளுக்குத் தலைக்கோல் பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் அளித்துச் சிறப்பிக்கிறான். அடுத்து நடப்பது என்ன? அதே மாலை செல்வர் நடமாடும் தெருவில் விலைக்கு நிறுத்தப்படுகிறது. அதனை வாங்குபவன் மாதவிக்கு உரியவன் ஆகிறான். அரங்கில் கலைக்குப் பெருமை. தெருவில் கலைமகளுக்கு விலை. இரண்டும் ஒரே ஊரில், ஒரே மாலையில் நிகழ்கின்றன.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்னும் நடிகை பெண்களையே கொண்ட நாடகக் குழு ஒன்றை நடத்தினார். நாடகம் காண மாயவரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தனி இரயில்கள் விடப்பட்டன என்றும், மக்கள் அவற்றைப் 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே அழைத்தனர் என்றும் நாடக வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இரசிகர்களுக்காக இரயில் விட்ட அந்த நடிகையின் முடிவு என்ன? முதுமையில் மதுரையில் வறுமையுற்று வாடி மறைந்தார் என்று அவர்களே எழுதுகின்றனர். இரயில் நிறைய வந்தவர்கள் அப்பொழுது எங்கே இருந்தார்கள்? நாடகம் முடிந்ததும் தங்கள் கடமையும் முடிந்தது என்று வீடு திரும்பிவிட்டார்கள்.

சுந்தராம்பாளுக்கு அந்த நிலை நேரவில்லை. நாடு அவரைப் போற்றியது, மதித்தது. ஆயினும் எந்தக் கோலத்தில் மதித்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வள்ளியாக நடித்த இளம்பெண்ணுக்குக் கிடைத்தவை கைதட்டலும், "ஒன்ஸ் மோர்" என்னும் கூச்சலும், முதுகுக்குப் பின்னால் வம்பும். வெள்ளைப் புடவை உடுத்தி, தனிமையை ஏற்று, அவ்வையாகவும் கவுந்தியாகவும் காரைக்கால் அம்மையாராகவும் தோன்றிய பிறகே கையெடுத்துக் கும்பிட்டோம். குரல் ஒன்றே, கலை ஒன்றே. நாம் வணங்கியது அவருடைய கலையையா, துறவையா? ஒரு பெண் தன் வாழ்வின் இன்பம் அனைத்தையும் விட்டுக்கொடுத்தால்தான் அவள் கலைக்கு மரியாதை தருவோம் என்பது இரசிகனுக்கு அழகா? அவர் பூண்ட உறுதி அவருடையது. அதன் பெருமையும் அவருடையது. அதனை மேடையேறும் பெண்கள் எல்லாருக்கும் உரிய அளவுகோலாக ஆக்கியது நம்முடைய பிழை.

பாட்டனார் இந்தக் கேள்வியை உணராமலே போனாரா? உணர்ந்தார் என்றே கருதுகிறேன். 1970-இல் எனக்குப் பத்து வயது. சுந்தராம்பாளுக்குப் பத்மஸ்ரீ என்ற செய்தி பஞ்சாயத்து வானொலியில் வந்தபோது நான் பாட்டனார் அருகில் அமர்ந்திருந்தேன். வழக்கம்போல் துண்டு இடுப்புக்கு இறங்கியது. ஆனால் முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை. வீடு வந்ததும், "வண்டியைக் கட்டச் சொல், உன் அத்தையை அழைத்து வரவேண்டும்" என்றார். அடுத்த ஊரிலிருந்து அத்தை, இடுப்பில் குழந்தையோடு, என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு வந்தார். பாட்டனார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த அவ்வை பாட்டு ஒன்று பாடேன் அம்மா" என்றார்.

அத்தை ஒரு கணம் நின்றார். "எல்லாம் மறந்துபோச்சு அப்பா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் சென்றார்.

அன்றிரவு நான் திண்ணையில் பாட்டனாருக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். உள்ளே தூளியை ஆட்டிக்கொண்டு அத்தை தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார். அதே பாட்டு. ஒரு சொல்லும் மறந்திருக்கவில்லை. பாட்டனார் உறங்கவில்லை என்பது அவர் மூச்சிலிருந்து எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலை அதைப் பற்றி இருவருமே பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மாணவர்களே, இக்கதையைச் சொல்லிப் பாட்டனாரைக் குற்றவாளியாக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து நான் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டுகளில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். திருச்சியில் நடக்கவிருந்த போட்டிக்கு நாடகத்தில் பாடி நடிக்க அவள் பெயரைக் கொடுத்திருந்தோம். அவள் தந்தை பள்ளிக்கு வந்து, "வேண்டாம் சார்" என்று ஒரே சொல்லில் மறுத்தார். அவர் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையில் காலை முதல் இரவு வரை பெண் பாடகியரின் பாட்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். நான் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, வேறொரு பெயரை எழுதினேன். அந்தக் கோட்டைப் போட்ட பேனா என் கையில் இருந்தது. என் அத்தையின் கதை முழுதும் அறிந்த கை அது.

பின்னர்த் தலைமையாசிரியனானபோது, இத்தகைய நேரங்களில் நானே வீடு தேடிச் சென்று பேசும் வழக்கத்தை மேற்கொண்டேன். அப்போதுதான் ஒன்றைக் கற்றேன். மறுக்கும் பெற்றோர் எல்லாரும் கலையை இழிவாக நினைப்பவர் அல்லர். எந்த வண்டியில் போவார்கள், யார் உடன் வருவார்கள், இருட்டுமுன் திரும்புவார்களா, இரவு தங்க நேர்ந்தால் எங்கே என்பனவே பலருடைய அச்சம். ஓர் ஆசிரியை உடன் வருவார், தாயும் வரலாம், மாலைக்குள் வீட்டில் சேர்ப்போம் என்று உறுதி சொன்னால், மறுத்தவர்களில் ஒரு பகுதியினர் இசைந்தார்கள். இசையாதவரும் இருந்தார்கள். சில வீடுகளில் நான் பேசி முடிக்குமுன் கதவு சாத்தப்பட்டதும் உண்டு. ஆயினும், கேட்டுப் பார்க்காமல் பெயரை அடிப்பதில்லை என்ற ஒன்றை மட்டும் பணி ஓய்வு பெறும்வரை காத்தேன். இன்று 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெறுகிறது. ஆணும் பெண்ணுமாக மாணவர்கள் மேடையேறுகிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் அத்தையின் நினைவு வருகிறது.

ஓர் இரசிகன் தான் போற்றும் கலைஞருக்குப் பட்டிருக்கும் கடன் யாது என்பதற்கு என் விடையைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, அந்தக் கலையை அறிதல். படத்துக்கு மாலை போடுவதற்கு முன், அவர் எதனைச் சிறப்பாகச் செய்கிறார், எவ்வாறு செய்கிறார், அதற்கு எத்தனை ஆண்டு உழைத்தார் என்று கேளுங்கள். என் பாட்டனார் இந்தக் கடனைக் குறைவறத் தீர்த்தார். கரிசல் காட்டில் ஏர் உழுதவர், குரலின் நுட்பம் அறிந்த செவியைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்.

இரண்டாவது, அந்தக் கலைஞரை மனிதராக மதித்தல். அவருக்குத் தனி வாழ்வு உண்டு, துயரம் உண்டு, முதுமை உண்டு. அவற்றைக் கிளறி வம்பு பேசுவது இரசிகத்தன்மை ஆகாது. அவர் ஓய்ந்தபின் மறந்துவிடுவதும் ஆகாது. பாலாமணி அம்மாளின் முடிவை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, அரிதானது. மேடையில் இருப்பவருக்கு நீங்கள் அளிக்கும் மரியாதையை உங்கள் வீட்டுக்கும் கொண்டு வாருங்கள். தொலைவில் பாடும் பெண்ணைக் கோகிலம் என்று போற்றிவிட்டு, பக்கத்தில் பாடும் தங்கையை "வாயை மூடு" என்று அதட்டுபவன் பாதி இரசிகனே. என் பாட்டனார் இந்தக் கடனைத் தீர்க்க முயன்றபோது காலம் கடந்துவிட்டது. பெற்றுக்கொள்ள வேண்டியவர் அடுக்களைக்குள் சென்றுவிட்டார்.

பாட்டனாரின் ஓலைப் பெட்டி இப்பொழுது என்னிடம் இருக்கிறது. நோட்டீசுகளில் பல செல்லரித்துவிட்டன. பாட்டுப் புத்தகம் ஒன்றின் பின்னட்டையில், பள்ளிக்கூடச் சிறுமியின் உருண்டைக் கையெழுத்தில், அத்தை தம் பெயரை எழுதி வைத்திருக்கிறார். எப்போது எழுதினாரோ, எனக்குத் தெரியாது. பாட்டனார் அதைக் கண்டிருப்பார்.

இன்று வீடு சென்றதும் உங்கள் தாயாரிடமோ, பாட்டியாரிடமோ, அத்தையிடமோ கேட்டுப் பாருங்கள்: "சிறு வயதில் நீங்கள் பாடுவீர்களா? ஏன் நிறுத்தினீர்கள்?" அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பாடினால் அமர்ந்து கேளுங்கள். மறந்துபோயிற்று என்று சொன்னால், மறுநாளும் கேளுங்கள்.